சுயாட்சி கேக்குறோம் சரி, அதோட சேர்ந்து வரவேண்டிய கடமையையும் பேசலாமே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாநில சுயாட்சி பத்தி உங்க பேப்பர்ல வர்ற கட்டுரைகளை, 2025 ஏப்ரல்ல தமிழ்நாடு அரசு நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில மாநில உரிமைகளை ஆராய கமிட்டி போட்டதுல இருந்தேன்னு வச்சுக்கோங்க, ஆன்லைன்ல விடாம படிச்சுட்டு வர்றேன். நல்லாதான் எழுதுறாங்க, ஆனா எல்லாத்துலயும் சுத்திச் சுத்தி ஒரே விஷயம்தான், டெல்லிகிட்ட இருந்து எந்த அதிகாரம் திரும்பி வரணும், வரியில எவ்வளவு பங்கு வரணும், கவர்னர் எதுல தலையிடக்கூடாது. இதெல்லாம் நியாயமான கேள்விங்கதான், நானும் அந்தப் பக்கம்தான். ஆனா அப்படி வாங்குன அதிகாரத்தை ஒரு அரசு தன்னோட சொந்த ஜனங்ககிட்ட எப்படி நடத்தணும், எல்லாருக்கும் சம வாய்ப்பு கிடைக்குதான்னு பாக்குறது அந்த அரசோட சட்டக் கடமையா இல்ல நல்ல மனசு இருந்தா செய்யுற தர்மமா, இதை யாருமே தொட்ட மாதிரி தெரியல. நடுவுல ஒரு கட்டுரையில வட அயர்லாந்து பத்தி போற போக்குல ஒரு வரி வந்துச்சு, அங்க கத்தோலிக்கர்களும் புராட்டஸ்டன்ட்டுகளும் ஆட்சியைப் பங்கு போட்டுக்குறாங்க, அதுதான் தீர்வுன்னு. நான் பெல்ஃபாஸ்ட்ல நர்ஸா வேலை பாக்குறேன். அந்த வரி பாதி உண்மைதான், மீதிப் பாதி இங்க இருக்குற ஒரு சட்டம், எந்த முடிவு எடுத்தாலும் சம வாய்ப்பை அரசு கவனிச்சே ஆகணும்னு சொல்ற 75-வது பிரிவு, இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பெருசா போயிடும், பொறுத்துக்கோங்க.

முதல்ல இங்க என்ன நடந்துச்சுன்னு சொல்லணும், ஏன்னா அது தெரியாம இந்தச் சட்டம் ஏன் வந்துச்சுன்னு புரியாது. 1921-ல அயர்லாந்தைப் பிரிச்சு, பிரிட்டனோடயே இருக்குற பகுதியா வட அயர்லாந்து உருவானப்பவே அதுக்குன்னு தனி பார்லிமென்ட், தனி பிரதமர், தனி போலீஸ் எல்லாம் இருந்துச்சு. லண்டன்ல இருந்து அதிகாரத்தைப் பிரிச்சுக் குடுத்த முதல் அரசு இதுதான். சுயாட்சின்னு பாத்தா நம்ம மாநிலங்களை விட அதிகம்னே சொல்லலாம், லண்டன் உள்ள தலையிடுறதே கிடையாது. 1972 வரைக்கும், அம்பது வருஷம், ஒரே கட்சி, பிரிட்டனோடயே இருக்கணும்னு சொல்ற, புராட்டஸ்டன்ட்டுகளோட ஆதரவுல நின்ன யூனியனிஸ்ட் கட்சிதான் ஆண்டுச்சு. மதத்தைப் பாத்து யாருக்கும் சலுகை காட்டக்கூடாதுன்னு 1920-ம் வருஷச் சட்டத்துலயே எழுதியிருந்தாங்க, அதையும் கவனிக்கணும். அதாவது தடை இருந்துச்சு. தடை இருந்தும் என்ன ஆச்சுன்னு டெர்ரி ஊரைப் பாருங்க.

டெர்ரியில மூணுல ரெண்டு பங்கு கத்தோலிக்கர்கள். ஆனா கவுன்சில் எப்பவும் யூனியனிஸ்ட் கையில. எப்படின்னா ஊரை மூணு வார்டா வெட்டி, கத்தோலிக்கர்கள்ல பெரும்பாலானவங்களை ஒரே வார்டுக்குள்ள அடைச்சு அதுக்கு 8 கவுன்சிலர், மத்த ரெண்டு வார்டுக்கும் சேத்து 12 கவுன்சிலர். கணக்கு முடிஞ்சு போச்சு. இதுல இன்னொரு கொடுமை என்னன்னா, உள்ளாட்சித் தேர்தல்ல வீட்டு வரி கட்டுற குடும்பத் தலைவருக்கும் அவரோட துணைக்கும்தான் ஓட்டு, கூட இருக்குற வளர்ந்த பசங்களுக்கோ வாடகைக்கு ஒரு ரூம்ல இருக்குறவங்களுக்கோ ஓட்டே கிடையாது, ஆனா கம்பெனி வச்சிருக்கவங்களுக்குக் கூடுதல் ஓட்டு. அப்ப கவுன்சில் வீடு ஒண்ணு ஒரு குடும்பத்துக்குக் குடுத்தா அது வீடு மட்டும் இல்ல, ரெண்டு ஓட்டு. அதனாலதான் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு வீடு குடுக்க இழுத்தடிச்சாங்க. 1968 ஜூன்ல காலிடன்ங்கிற சின்ன கிராமத்துல புள்ளகுட்டிங்களோட குடும்பங்கள் வீட்டுக்குக் காத்துக்கிட்டிருக்க, 19 வயசு, கல்யாணம் ஆகாத ஒரு புராட்டஸ்டன்ட் பொண்ணுக்கு வீடு ஒதுக்கினாங்க. ஆஸ்டின் கரின்னு ஒரு எம்.பி. அந்த வீட்டுக்குள்ள போய் உக்காந்துட்டார், போலீஸ் வந்து வெளிய இழுத்துப் போட்டுச்சு. அதுல இருந்து ஆகஸ்ட்ல ஒரு ஊர்வலம், அக்டோபர் 5-ம் தேதி டெர்ரியில இன்னொரு ஊர்வலம், அதுல போலீஸ் தடியால அடிச்சது டிவியில உலகமே பாத்துச்சு, அதுக்கப்புறம் முப்பது வருஷம் ஆயுத மோதல், 3,500 பேருக்கு மேல சாவு. எல்லாத்துக்கும் காரணம் வீடு ஒதுக்கீடுன்னு நான் சொல்ல வரல, நாட்டுப் பிரிவினை, அடையாளம் எல்லாம் இருக்கு. ஆனா தெருவுக்கு வந்த ஜனங்க முதல்ல கேட்டது வீடு, வேலை, ஓட்டு, இந்த மூணும்தான்.

வேலை விஷயமும் அப்படித்தான். 1971 சென்சஸ்ல கத்தோலிக்க ஆம்பளைங்கள்ல 17.3 சதவீதம் பேருக்கு வேலை இல்ல, புராட்டஸ்டன்ட் ஆம்பளைங்கள்ல 6.6 சதவீதம். அதுக்கப்புறம் 1976-ல ஒரு சட்டம், அது போதலன்னு 1989-ல இன்னும் கடுமையா ஒண்ணு, பத்துப் பேருக்கு மேல வேலைக்கு வச்சிருக்க கம்பெனி எல்லாம் தன்னோட ஆளுங்க எந்தச் சமூகம்னு கணக்கு எடுத்து வருஷா வருஷம் குடுக்கணும்னு. நம்ம ஊர்ல சாதிவாரிக் கணக்கெடுப்பு வேணுமா வேணாமான்னே பல வருஷம் பேசிட்டிருந்தோம், இங்க தனியார் கம்பெனியே கணக்கு குடுத்தாகணும். அந்தக் கணக்குதான் நிலைமையை மாத்துச்சுன்னு இங்க பழைய ஆளுங்க சொல்லுவாங்க, நானும் அதை நம்புறேன்.

ஆனா கம்பெனிங்களைப் பிடிச்ச சட்டம் அரசாங்கத்தைப் பிடிக்கல. 1994-ல அரசு அலுவலகங்களுக்குன்னு ஒரு வழிகாட்டுதல் போட்டாங்க, கொள்கை எடுக்கும்போது எல்லாப் பிரிவு மக்களையும் மனசுல வச்சு எடுக்கணும்னு. வழிகாட்டுதல்தானே, சட்டம் இல்லையே, எவன் மதிப்பான். ஆஸ்பத்திரி வேலைகளைத் தனியாருக்கு விட்டப்ப, அதுல அடிபட்டது பூரா கூட்டுறது, துணி துவைக்கிறது, சமையல் பாக்குற பொம்பளைங்க, அவங்க யூனியன் அந்த வழிகாட்டுதலைக் கையில வச்சுக்கிட்டுதான் சண்டை போட்டுச்சு. அந்த யூனியன்ல இருந்தவங்கதான் இனெஸ் மெக்கார்மக். புராட்டஸ்டன்ட் குடும்பத்துல பொறந்தவங்க, ஆஸ்பத்திரி துப்புரவுத் தொழிலாளிங்களுக்காக வாழ்நாள் பூரா நின்னவங்க, பின்னாடி அயர்லாந்து தொழிற்சங்கங்களோட கூட்டமைப்புக்கு முதல் பெண் தலைவர் ஆனவங்க, 2013-ல காலமாயிட்டாங்க. சமாதானப் பேச்சுவார்த்தையில துப்பாக்கியைக் கீழ வைக்கிறதையும் மந்திரி பதவியையும் பத்தியே எல்லாரும் பேசிட்டு இருக்க, சம வாய்ப்பு சட்டமா எழுதப்படணும்னு விடாம நின்னவங்கள்ல இவங்க முக்கியமானவங்க. நான் வேலை பாக்குற வார்டுல தரை துடைக்கிற அக்காமார்களுக்கு இவங்க பேரு இன்னைக்கும் தெரியும். மந்திரிங்க பேரு கேட்டா யோசிப்பாங்க.

1998 ஏப்ரல் 10 புனித வெள்ளி ஒப்பந்தம், அந்த முப்பது வருஷ மோதலை முடிச்சு வச்ச சமாதான ஒப்பந்தம். அதே வருஷம் வட அயர்லாந்து சட்டம். அந்தச் சட்டத்துல 75-வது பிரிவு. இங்க யாரைக் கேட்டாலும் 'செக்ஷன் செவன்ட்டி ஃபைவ்'னு சொன்னா போதும், பஸ் டிரைவருக்குக் கூட தெரியும். அது சொல்றது இதுதான், ஒரு பொது அமைப்பு தன்னோட வேலையைச் செய்யும்போது சம வாய்ப்பை வளர்க்க வேண்டிய தேவைக்கு உரிய கவனம் குடுத்தே ஆகணும், மத நம்பிக்கை, அரசியல் கருத்து, இனம், வயசு, கல்யாணம் ஆனவரா ஆகாதவரா, பாலியல் நாட்டம், ஆண் பெண், மாற்றுத்திறன் இருக்கா இல்லையா, பாத்துக்க வேண்டிய புள்ளைங்களோ பெரியவங்களோ வீட்டுல இருக்காங்களா இல்லையா, இந்த ஒம்பதுலயும். கடைசியா சொன்னதைக் கவனிங்க. வீட்டுல படுத்த படுக்கையா இருக்குற மாமியாரைப் பாத்துக்குற ஒரு பொம்பளையை ஒரு தனிப் பிரிவா எண்ணி, நீ எடுக்குற முடிவு இவங்களை என்ன பண்ணும்னு அரசாங்கத்தைக் கேக்க வச்ச சட்டம் உலகத்துல எத்தனை இருக்கும்.

'பாகுபாடு பண்ணாதே'ங்கிறது ஒண்ணு, 'சம வாய்ப்பை வளர்த்துடு'ங்கிறது வேற. முன்னாடி சொன்னது தப்பு நடந்தப்புறம், அடிபட்டவன் கோர்ட்டுக்குப் போய், வக்கீல் வச்சு, தனக்கு நடந்ததை நிரூபிக்கணும். இது அப்படி இல்ல, முடிவு எடுக்குறதுக்கு முன்னாடியே, யாரும் கேக்காமலே, அரசாங்கமே தன்னைக் கேட்டுக்கணும். அந்தப் பாரத்தை அடிபட்டவன் தலையில இருந்து எடுத்து அரசாங்கத்து தலையில வச்சாங்க பாருங்க, அதுதான் இந்தப் பிரிவோட உயிர். 2000-ம் வருஷம் ஜனவரி 1-ல இருந்து அமலுக்கு வந்துச்சு. மந்திரி துறைங்க, கவுன்சில்கள், அரசு ஆஸ்பத்திரிங்களை நடத்துற ஹெல்த் டிரஸ்ட்டுங்க, யூனிவர்சிட்டிங்க, போலீஸ் எல்லாம் இதுக்குள்ள. ஒவ்வொருத்தரும் இதை எப்படி நிறைவேத்துவோம்னு ஒரு திட்டம் எழுதி, இதைக் கண்காணிக்கிற சமத்துவ ஆணையத்துக்கு அனுப்பி ஒப்புதல் வாங்கணும், வருஷா வருஷம் அறிக்கை குடுக்கணும், ஒரு கொள்கையை மாத்தும்போது ஸ்கிரீனிங், அதாவது யாருக்கு என்ன பாதிப்புன்னு முதல்கட்டப் பரிசீலனை, பண்ணி அதை வெளியிடணும், பெரிய பாதிப்பு இருக்கும்னு தெரிஞ்சா முழு ஆய்வு பண்ணி ஜனங்ககிட்ட கன்சல்டேஷன் வைக்கணும்.

இது நேர்ல எப்படி இருக்கும்னு சொல்றேன். நான் இருந்த ஒரு இடத்துல (பேரு வேணாம்) வெளிநோயாளி கிளினிக் ஒண்ணை வேற கட்டடத்துக்கு மாத்த முடிவு பண்ணாங்க. ஸ்டாஃப் எல்லாருக்கும் ஸ்கிரீனிங் ஃபார்ம் மெயில்ல வந்துச்சு. ஒரு டேபிள், ஒம்பது வரிசை, ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல பாதிப்பு பெருசா, சின்னதா, இல்லவே இல்லையான்னு எழுதணும். ஒம்பதுலயும் 'இல்லை'. காரணம் எழுதுற கட்டத்துல ஒம்பதுலயும் ஒரே வாக்கியம், காப்பி பேஸ்ட், 'இந்த மாற்றம் எல்லா நோயாளிகளுக்கும் ஒரே மாதிரி பொருந்தும்'னு. ஒரே மாதிரி பொருந்துறதுதானே பிரச்சனையே. புது கட்டடத்துக்கு நேரடி பஸ் இல்ல, ரெண்டு பஸ் மாறணும், கார் இருக்கவங்களுக்கு ஒரு வித்தியாசமும் இல்ல, கார் இல்லாத வயசானவங்களுக்கும், சின்னப் புள்ளையைத் தூக்கிட்டு வர்ற அம்மாக்களுக்கும், வீல்சேர்ல வர்றவங்களுக்கும்தான் அது. நானும் இன்னும் சில நர்ஸுங்களும் சேர்ந்து பதில் எழுதினோம், எந்த நேரத்து அப்பாயின்ட்மென்ட்டுக்கு யார் வராம போறாங்கன்னு எங்ககிட்ட இருந்த கணக்கையும் சேத்து அனுப்பினோம். ஃபார்மைத் திரும்ப எடுத்தாங்க. கிளினிக் மாறுறது நிக்கல, அதையும் சொல்லிடுறேன், ஆனா புள்ளையை ஸ்கூல்ல விட்டுட்டு வர்ற மாதிரி அப்பாயின்ட்மென்ட் நேரம் மாறுச்சு, நடக்க முடியாதவங்களுக்கு வண்டி ஏற்பாடு பண்ணாங்க. சின்ன விஷயம்தான். ஆனா எங்க கையில அந்தப் பிரிவு இல்லன்னா எங்க மெயிலை யாரும் திறந்துகூட பாத்திருக்க மாட்டாங்க, நர்ஸு சொல்றதைக் கேட்டு ஒரு டிரஸ்ட் எதுக்கு ஃபார்மைத் திருப்பி எடுக்கணும்.

இதை விட பெரிய உதாரணம் லிஸ்பர்ன். பெல்ஃபாஸ்ட் பக்கத்துல இருக்குற ஊர். அங்க கடைத்தெருவை அழகா மாத்துறோம்னு கவுன்சில் ரோட்டோர நடைபாதை விளிம்பை ரொம்பத் தாழ்வா, 30 மில்லிமீட்டருக்குப் போட்டுட்டாங்க. பாக்க அழகா இருக்கும், வீல்சேருக்கும் தள்ளுவண்டிக்கும் வசதிகூட. ஆனா கண்ணு தெரியாதவங்களுக்கு அந்த விளிம்புதான் எல்லை, கைத்தடியோ வழிகாட்டி நாயோ அதை வச்சுதான் இங்க நடைபாதை முடியுது, இங்க ரோடு ஆரம்பிக்குதுன்னு கண்டுபிடிக்கும். 30 மில்லிமீட்டர்னா கால்ல தட்டவே தட்டாது, நேரா கார் வர்ற ரோட்டுல போய் நிப்பாங்க. குறைஞ்சது 60 வேணும்னு கேட்டாங்க. கவுன்சில் கேக்கல. பார்வை இல்லாத ஒரு பெண் ஹைகோர்ட்டுக்குப் போனாங்க, 2017-ல தீர்ப்பு வந்துச்சு, கவுன்சில் 75-வது பிரிவுப்படி நடக்கலன்னு. கை விரல் அகலம் ரெண்டு இருக்குமா, அவ்வளவு உயரத்துக்கு ஒரு சமாதான ஒப்பந்தத்துல இருந்து வந்த சட்டம் பதில் சொல்லுச்சுன்னு நினைக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்குது. கத்தோலிக்கர் புராட்டஸ்டன்ட் சண்டைக்குன்னு எழுதுன சட்டம்னு நினைக்கிறவங்க இந்தத் தீர்ப்பைப் படிக்கணும்.

இப்ப குறைகளையும் சொல்லணும், இல்லன்னா நான் இங்க உக்காந்துக்கிட்டு வெள்ளைக்காரன் ஊரைப் புகழ்ந்து பாடுறேன்னு யாராவது எழுதுவாங்க. பெரிய குறை, இது ஃபார்ம் நிரப்புற சடங்கா மாறிடுச்சு. மேல சொன்ன காப்பி பேஸ்ட் எங்க இடத்துல மட்டும் இல்ல, எல்லா இடத்துலயும் உண்டு. சமத்துவ ஆணையமே 2008-ல ஒரு மறு ஆய்வு பண்ணி, நடைமுறையிலேயே எல்லாரும் மாட்டிக்கிட்டோம், ஜனங்க வாழ்க்கையில என்ன மாறுச்சுங்கிறதுக்குப் போகணும்னு எழுதுச்சு. இன்னும் முழுசா போகலங்கிறது என் அபிப்பிராயம். 'உரிய கவனம்'ங்கிற வார்த்தை இருக்கே, கவனம் குடுத்தேன், யோசிச்சேன், ஆனாலும் இதைத்தான் பண்ணப் போறேன்னு சொல்ல ஒரு வழி அதுலயே இருக்கு.

அடுத்தது, மீறினா என்ன தண்டனை. அபராதம் கிடையாது. முதல்ல அந்த அமைப்புக்கே எழுதணும், அவங்க பதில் சரியில்லன்னா ஆணையத்துக்குப் புகார், ஆணையம் விசாரிச்சு அறிக்கை போடும், சொன்னதைச் செய்யலன்னா லண்டன்ல இருக்குற வட அயர்லாந்து மந்திரிக்கு அனுப்பும், அவ்வளவுதான். 2006-ல ஒரு வழக்கு, சமூக விரோத நடத்தைக்குன்னு இளைஞர்கள் மேல போடுற தடை உத்தரவைக் கொண்டு வந்தப்ப ஒழுங்கா சமத்துவ ஆய்வு பண்ணலன்னு ஒரு பையன் தரப்புல போட்டாங்க, அப்பீல் கோர்ட் என்ன சொல்லுச்சுன்னா இந்த மாதிரி நடைமுறைக் குறைக்கு ஆணையம்தான் வழி, நேரா கோர்ட்டுக்கு வராதேன்னு. அதுக்கப்புறம் பத்து வருஷத்துக்கு மேல வக்கீலுங்க இதைத் தொடவே யோசிச்சாங்க, லிஸ்பர்ன் தீர்ப்புதான் கதவைக் கொஞ்சம் திறந்துச்சு. நம்ம அரசியல் சட்டத்துலயும் 38-வது பிரிவு இருக்கு, அந்தஸ்துலயும் வசதியிலயும் வாய்ப்புலயும் இருக்குற ஏற்றத்தாழ்வைப் போக்க அரசு பாடுபடணும்னு, எவ்வளவு அருமையான வரி, ஆனா 37-வது பிரிவு அதை எந்தக் கோர்ட்டும் அமல்படுத்த முடியாதுன்னு சொல்லிடுது. இங்க கதவு பாதி திறந்திருக்கு, அங்க பூட்டியே இருக்கு, வித்தியாசம் அதுதான்.

மூணாவது குறை எனக்கு ரொம்பக் கோபம் வர்றது. அதே 75-ல ரெண்டாவது துணைப்பிரிவு ஒண்ணு இருக்கு, மதம், அரசியல், இனம் இதுல வேறுபட்டவங்களுக்குள்ள நல்லுறவை வளர்க்கிறது நல்லதுங்கிறதையும் கவனிக்கணும்னு. நல்ல எண்ணத்துல வச்சது. ஆனா சில கவுன்சில்ல அதை எப்படிப் பயன்படுத்துறாங்கன்னா, ஐரிஷ் மொழியில தெருப் பலகை வேணும்னு கேட்டா, வச்சா யூனியனிஸ்ட் பக்கத்துக்காரங்க கோவிச்சுக்குவாங்க, நல்லுறவு கெட்டுப் போகும்னு சொல்லி மறுக்குறது. அதாவது ஒருத்தரோட உரிமைக்கு இன்னொருத்தரோட முகச்சுளிப்பு வீட்டோவா மாறிடுது. இங்க இருக்குற மனித உரிமை அமைப்புங்க இதை விடாம சுட்டிக்காட்டுறாங்க, சம வாய்ப்புதான் முதல் கடமை, நல்லுறவு அதுக்கு அடுத்ததுதான், சட்டத்துல எழுதியிருக்க வார்த்தையே அப்படித்தான் இருக்குன்னு. மொழிக்காகப் போராடுன ஊர்ல பொறந்த எனக்கு இதை விளக்கத் தேவையே இல்ல.

இனம்ங்கிற வரிசைக்கு வர்றேன், ஏன்னா அதுல நானும் இருக்கேன். இங்க 2021 சென்சஸ்ல வெள்ளையர் அல்லாதவங்க 3.4 சதவீதம். ரொம்பக் கம்மி. 2024 ஆகஸ்ட்ல பெல்ஃபாஸ்ட்ல வெளிநாட்டுக்காரங்க கடைங்களை அடிச்சு நொறுக்கி எரிச்சாங்க. 2025 ஜூன்ல பாலிமினாவுல ராத்திரி ராத்திரியா வீடுகளைத் தாக்குனாங்க, பிலிப்பைன்ஸ் குடும்பங்க தங்களோட வாசக்கதவுல இங்க பிலிப்பினோ குடும்பம் இருக்குன்னு எழுதி ஒட்டி வச்சிருந்ததை டிவியில பாத்திருப்பீங்க, எங்களை விட்டுடுங்கன்னு அர்த்தம். அந்தக் குடும்பங்கள்ல இருந்து வர்றவங்கள்ல நிறையப் பேர் இங்க ஆஸ்பத்திரியிலயும் முதியோர் இல்லத்துலயும்தான் வேலை பாக்குறாங்க. அந்த வாரம் எங்க வார்டுல நைட் டூட்டி முடிச்சு தனியா வீட்டுக்குப் போகப் பயந்து, விடியுற வரைக்கும் ஸ்டாஃப் ரூம்லயே உக்காந்திருந்த பிள்ளைங்களை நான் பாத்தேன்.

அப்ப செக்ஷன் 75 எங்க போச்சுன்னு கேப்பீங்க. கேக்க வேண்டிய கேள்விதான். என் பதில் என்னன்னா, கணக்கு இல்லாத இடத்துல கடமையும் நொண்டும். மேல சொன்னேன் இல்லையா, கம்பெனிங்க சமூகக் கணக்கு எடுக்கணும்னு சட்டம் இருக்குன்னு, அது கத்தோலிக்கர் புராட்டஸ்டன்ட், ஆண் பெண் கணக்குதான், இனவாரிக் கணக்கு எடுக்கச் சொல்லி அதுல கட்டாயம் இல்ல. இங்கிலாந்துல 2010-ல எல்லாச் சமத்துவச் சட்டத்தையும் ஒண்ணாக் கோத்து ஒரே சட்டமா போட்டாங்க, அது இங்க செல்லாது, இங்க இன்னும் 1997 இன உறவுச் சட்டத்தை வச்சுக்கிட்டுதான் ஓட்டுறாங்க. எத்தனை பேரு, எந்த வேலையில, எந்தத் தெருவுல வாடகைக்கு, இதெல்லாம் ஒழுங்காத் தெரியாம ஸ்கிரீனிங் ஃபார்ம்ல இனம்ங்கிற கட்டத்துல 'தகவல் இல்லை, அதனால பாதிப்பு இல்லை'ன்னுதான் எழுதுவாங்க. தகவல் இல்லங்கிறதும் பாதிப்பு இல்லங்கிறதும் ஒண்ணா? ஆனா அதே தட்டுல வச்சுதான் எத்தனையோ ஃபார்ம் மூடப்படுது.

இன்னொரு விஷயம் நம்ம ஆளுங்க கவனிக்கணும். இந்த ஊர் அசெம்பிளி அடிக்கடி படுத்துடும். 2002-ல இருந்து 2007 வரைக்கும் இல்ல, 2017 ஜனவரியில இருந்து மூணு வருஷம் இல்ல, 2022-ல இருந்து 2024 வரைக்கும் ரெண்டு வருஷம் மந்திரிசபை இல்ல. ஆட்சியைப் பங்கு போடுறதுதான் தீர்வுன்னு எழுதுன அந்தக் கட்டுரையாளர் இதைச் சொல்லல. பங்கு போட ஒருத்தர் மாட்டேன்னா எல்லாம் நின்னு போகும். ஆனா அந்த வருஷங்கள்லயும் கவுன்சிலும் ஹெல்த் டிரஸ்ட்டும் 75-வது பிரிவுக்குக் கட்டுப்பட்டுதான் இருந்தாங்க, மந்திரி இல்லன்னாலும் கடமை இருந்துச்சு. நாற்காலியைப் பங்கு போடுறது அரசியல்வாதிங்களோட மனசைப் பொறுத்தது, இது அப்படி இல்ல.

போலீஸ் விஷயத்தையும் சொல்லிடுறேன், இட ஒதுக்கீடு பத்தி எழுதுறவங்களுக்கு உதவும். 2001-ல இருந்து 2011 வரைக்கும் இங்க போலீஸுக்கு ஆள் எடுக்கும்போது பாதி கத்தோலிக்கர், பாதி மத்தவங்கன்னு சட்டம் போட்டே எடுத்தாங்க. 8 சதவீதமா இருந்த கத்தோலிக்கர்கள் பத்தே வருஷத்துல கிட்டத்தட்ட 30 சதவீதம் ஆனாங்க. அப்புறம் அந்தச் சட்டத்தை எடுத்துட்டாங்க, வளர்ச்சி அதோட தேங்கிப் போச்சு. இது 75 இல்ல, தனிச் சட்டம். நான் சொல்ல வர்றது ரெண்டும் வேணும்ங்கிறதுதான், இட ஒதுக்கீடு ஆளை உள்ள கொண்டு வரும், உள்ள வந்தவங்க முடிவு எடுக்குற மேஜையில என்ன கேள்வி கேக்கணும்ங்கிறதை இந்த மாதிரிக் கடமைதான் எழுதித் தரும். தமிழ்நாட்டுல 69 சதவீதம் இருக்கு, பெருமைதான். ஆனா ஒரு பஸ் ரூட்டை நிறுத்தும்போது, ஒரு அரசு ஸ்கூலைப் பக்கத்து ஸ்கூலோட சேக்கும்போது, ஒரு ரேஷன் கடையை ஊர்த்தெருவுல இருந்து வேற தெருவுக்கு மாத்தும்போது, இதனால எந்தத் தெருப் பொம்பளைக்கு என்ன ஆகும்னு முன்கூட்டியே எழுத்துல யோசிச்சு வெளியிடணும்னு எந்த அதிகாரியை எந்தச் சட்டம் கட்டாயப்படுத்துது? கலெக்டர் நல்லவரா இருந்தா நடக்கும். அவர் டிரான்ஸ்ஃபர் ஆனா?

வேல்ஸ்லயும் இதே மாதிரி இருக்கு, சுருக்கமா சொல்றேன். 1998-ல வேல்ஸுக்கு அசெம்பிளி குடுத்தப்பவே, அதோட வேலை எல்லாமே எல்லா மக்களுக்கும் சம வாய்ப்புங்கிற கொள்கைக்கு உரிய கவனம் குடுத்து நடக்க ஏற்பாடு பண்ணணும்னு அந்தச் சட்டத்துலயே எழுதினாங்க, 2006-ல சட்டத்தை மாத்தினப்பவும் 77-வது பிரிவா அதைக் கூடவே கொண்டு வந்து மந்திரிங்க வருஷா வருஷம் அறிக்கை வைக்கணும்னு சொன்னாங்க. அங்க ஒம்பது வகைன்னு பட்டியல் கிடையாது, 'எல்லா மக்களும்'தான். 2021-ல இருந்து ஏழ்மையினால வர்ற ஏற்றத்தாழ்வையும் முக்கிய முடிவுங்கள்ல கணக்குல எடுக்கணும்னு ஒரு கடமை வேற சேத்திருக்காங்க, ஸ்காட்லாந்துல அது 2018-லயே வந்துடுச்சு. வட அயர்லாந்துல இன்னும் இல்ல, அந்த ஒம்பதுல ஏழை பணக்காரன்ங்கிறது கிடையாதுங்கிறது பெரிய ஓட்டை, பத்தாவதா அதைச் சேக்கணும்னு நான் எந்தக் கன்சல்டேஷன் வந்தாலும் எழுதுறேன்.

ஆக ஆசிரியர் அவர்களே, உங்ககிட்ட கேக்குறது ரெண்டு. சுயாட்சி பத்தி அடுத்து எழுதுறவங்ககிட்ட, மாநிலத்துக்கு வர்ற அதிகாரத்தோட மாநிலத்து மேல என்ன சட்டக் கடமை வைக்கணும், அதைக் கோர்ட்ல கேக்க முடியுமா, கணக்கு யார் எடுக்குறது, இதையும் எழுதச் சொல்லுங்க. சென்னையில இருந்து அதிகாரம் கீழ மாநகராட்சிக்கும் பஞ்சாயத்துக்கும் போகணும்னு பேசும்போதும் இதே கேள்வி வரும், டெர்ரி கவுன்சிலை நினைச்சுப் பாருங்க, அதுவும் உள்ளாட்சிதான்.

ரெண்டாவது, இங்க வட அயர்லாந்துல உங்க பேப்பரை ஆன்லைன்ல படிக்கிற நம்ம ஆளுங்க நிறையப் பேர் இருக்காங்க, ஆஸ்பத்திரி, ஐடி, யூனிவர்சிட்டின்னு. அவங்களுக்கு ஒரு தகவல். கவுன்சிலோ டிரஸ்ட்டோ கன்சல்டேஷன் பேப்பர் வெளியிட்டா அதைப் படிங்க, ஆவணம் வேற மொழியில வேணும்னா கேக்கலாம், தமிழ்லயும் கேளுங்க, கேட்டாதான் நாம இருக்கோம்னு அந்த இனம்ங்கிற கட்டத்துல ஏறும். சமத்துவத் திட்டத்துல சொன்னபடி நடக்கலன்னு தோணினா முதல்ல அந்த அமைப்புக்கு எழுத்துல எழுதுங்க, போன்ல சொன்னா கணக்கு இல்ல. பதில் வரல, இல்ல சரியில்லன்னா சமத்துவ ஆணையத்துக்குப் புகார் குடுக்கலாம், விஷயம் உங்களுக்குத் தெரிஞ்ச நாள்ல இருந்து பன்னிரண்டு மாசத்துக்குள்ள குடுத்துடணும், தள்ளிப் போடாதீங்க.

இப்படிக்கு,
பெல்ஃபாஸ்ட்டிலிருந்து ஒரு வாசகி